சூலத்தில் கட்டிய மனு

வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்திருக்கும் தாய்மார்களே, எனக்குப் பக்தியாகப் பேச வராது. எரிச்சலோடு பேசச் சொன்னால் நன்றாகப் பேசுவேன், அது உங்களுக்கே தெரியும்.

2004ஆம் வருஷம். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான்கு வருஷமாக மெஷினில் நின்றவள் நான். பிரசவத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு வாரம் கழித்து, ஆவணி மாசம் திரும்பிப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேனாம், பெயரை நீக்கிவிட்டார்களாம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவர்கள் கண்முன்னால் நடந்தவள் சொல்லாமல் நின்றேனாம்! "பிள்ள பெத்தவளுக்கு மெஷின் எதுக்கு?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அவருக்கும் அந்த வருஷம்தான் பிள்ளை பிறந்தது. அவர் பெயரை யாரும் நீக்கவில்லை.

வீட்டுக்காரர் "விடு, வேற மில்லு பாப்போம்" என்றார். அழுதேன். அன்றைக்கே நம் வழக்கப்படி காளியாத்தாளுக்கு மனு எழுதினேன். அந்த மனு எவ்வளவு கறார் என்று உங்களுக்குத் தெரியும். நாள், கிழமை, பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் வேண்டும். ஒரு சொல் கூட்டி எழுதினாலும் எழுதினவள் மேலேயே திரும்பும். லீவு லெட்டர் கொடுத்த தேதி, கிளார்க் அதை ஒரு நோட்டில் பதிந்தது, அப்போது கூட நின்ற பக்கத்து மெஷின் ராசாத்தி, நகலில் கையெழுத்து வாங்காமல் வந்த என் மடத்தனம் எல்லாவற்றையும் எழுதிச் சூலத்தில் கட்டினேன்.

கட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். அதுதான் தப்பு. சூப்பர்வைசர் பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவார் என்று ஏழு வாரம் வாசலையே பார்த்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. "ஏ ஆத்தா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கோயிலில் நின்று கத்தினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

அன்று சாயந்திரமே ராசாத்தி வந்தாள். "அக்கா, யூனியன்ல விசாரிச்சேன். பிரசவ லீவுல போனவள நீக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். நீக்குன தாளு கைக்கு வந்து அறுபது நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும், தேதியெல்லாம் சரியா இருக்கணும்னு சொன்னாக" என்றாள். மீதி பதினோரு நாள். பிள்ளையோடு ராத்தூக்கம் கெட்டதில், எழுதிய தேதி ஒன்றும் எனக்கு நினைவில்லை. எல்லாம் சூலத்தில் தொங்கியது.

அவிழ்க்கப் போனால் பூசாரி அண்ணன் பாய்ந்து வந்தார். "கை வைக்காத தங்கச்சி! நடுவுல அவுத்தா வழக்க வாபஸ் வாங்குன மாதிரி. அங்கனயே நின்னு பாத்து எழுதிக்க." பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டை அவிழ்க்காமலே மடிப்பைப் பிரித்து நான் வாசிக்க, ராசாத்தி எழுதினாள். எலுமிச்சம்பழச் சாறு பட்டுப் பாதி எழுத்து கலங்கியிருந்தது.

லேபர் ஆபீஸ் போனால், இங்கே இல்லை, தொழிற்சாலை ஆய்வாளரிடம் போ என்றார்கள். அங்கே போனால் சார் கேம்ப். அடுத்த முறை போனால் இன்னொரு நகல் வேண்டுமாம். ஆத்தாளே பரவாயில்லை என்று தோன்றியது. ஐம்பத்தாறாம் நாள்தான் முத்திரை குத்தி வாங்கினார்கள்.

விசாரணையில் லெட்டரே வரவில்லை என்று மில்காரர்கள் சாதித்தார்கள். ஆய்வாளர் என் மனுவைப் பார்த்தார். "அந்த நோட்டக் கொண்டாங்க" என்றார். நான் எழுதிய அதே தேதியில் என் பெயர் இருந்தது. "யாரும்மா எழுதிக் குடுத்தது, வக்கீலா?" என்று கேட்டார். "காளியாத்தாளுக்கு எழுதுனது சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாசம் அதே கேட் வழியாக வேலைக்குப் போனேன்.

பிறகு மனுவை என் கையால் அவிழ்த்துச் சூடம் ஏற்றினேன். அப்போதுதான் உறைத்தது. நான் கேட்ட உதவியைக் கட்டிய அன்றைக்கே அவள் கொடுத்துவிட்டாள். அதை நான்தான் ஏழு வாரம் வெயிலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஆத்தாளை நம்புங்கள் தாய்மார்களே. மனு எழுதுங்கள். ஆனால் இரண்டாக எழுதுங்கள். ஒன்றைச் சூலத்தில் கட்டிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். அவளும் ஏறி வருவாள்.