ஆற்றுப் படிக்கட்டு வரை

இது இட்டுக்கட்டிச் சொன்ன கதை இல்லை. இதை என்னிடம் சொன்னவன், பேய் என்ற பேச்சை எடுத்தாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். அவன் வாழ்க்கையில் பெரிதாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதைப் பதினோரு மாதம் சுமந்து திரிந்தான். அந்தச் சுமை இறங்கிய ராத்திரியைத்தான் இங்கே எழுதுகிறேன், மணி நிமிடம் உட்பட அவன் சொன்னபடியே.

அவனை நண்பர்கள் மேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்படிப்புக்கு வெளிநாடு போன முதல் மாதத்திலேயே அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் அவனுக்கு மேப் பார்த்ததுபோல அத்துப்படி. மாணவர் சங்கத்தில் அதற்கேற்ற வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு ராத்திரியில் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். மணிக்கூண்டு, கடைவீதி, இருபத்திரண்டு மாடிக் கோபுரம், கடைசியில் நடன விடுதித் தெரு. முன்பெல்லாம் ஆற்றங்கரையும் உண்டு. பதினோரு மாதமாக அங்கே யாரையும் அவன் கூட்டிப்போவதில்லை.

காரணம், அரைடிக்கெட்.

அரைடிக்கெட் அவனுடைய அறைத்தோழன். ஆள் குள்ளம், பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பாத்திரம் கழுவ மாட்டான், ஆனால் கழுவுகிறவன் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடுவான். தினமும் தன் அம்மாவுக்கு வீடியோவில் பேசுவான். அந்த அம்மா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் ராத்திரி வேலை பார்த்தவர். ஃபோனில் மேப்புவையும் விடமாட்டார்.

"தம்பி, நான் அங்க வந்தா பகல்ல ஒண்ணும் காட்ட வேணாம். எனக்கு ராத்திரின்னா அழுக்குத்துணிதான். ஒரே ஒரு ராத்திரி சும்மா வேடிக்கை பாத்துட்டு நடக்கணும்."

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் உயரமான புகைபோக்கி. அதன் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரியும். ஜன்னல் வழியாக மகன் காட்டியதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது அதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. நடன விடுதியிலிருந்து இருவரும் வெளியே வந்தார்கள். ஆற்றுப் படித்துறையில் இறங்கி நின்றால் அந்தச் சிவப்பு விளக்கு தண்ணீரில் தெரியும், அம்மாவுக்கு ஒரு படம் எடுக்கலாம் என்றான் அரைடிக்கெட். மேப்புவுக்கு விடிந்தால் வேலை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வா வா என்று அவன் கையைப் பிடித்து இழுக்கவும் எரிச்சலில் உதறிவிட்டான்.

"போய்த் தொலை."

அவ்வளவுதான் சொன்னான். திரும்பி அறைக்கு வந்து படுத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து ஆற்றின் கீழ்ப்பக்கம் அரைடிக்கெட்டின் உடல் கிடைத்தது. படியில் உறைபனி, வழுக்கியிருக்கிறது என்றார்கள். போலீஸிடம் மேப்பு சொன்னது இது: "பன்னிரண்டரை பஸ்ல ஏத்திவிட்டேன். அப்புறம் எனக்குத் தெரியாது." அந்த அம்மாவிடமும் அதையே சொன்னான். ஞாயிறுதோறும் அவர் கூப்பிடுவார். மூன்று மாதம் எடுத்தான். பிறகு எடுக்கவில்லை. ஃபோன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓயும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

இனி அந்த ராத்திரி.

ஒன்பதரை மணி, மணிக்கூண்டு. பட்டியலில் பதினோரு பெயர். எண்ணினால் பன்னிரண்டு பேர். திரும்ப எண்ணினான், பதினொன்று. யாரோ இடம் மாறி நின்றிருப்பார்கள் என்று நினைத்து நடக்கத் தொடங்கினான். கடைவீதியில் சாலையைக் கடக்கும்போது பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை எண்ணினான்.

பன்னிரண்டு.

கடைசியில் ஒரு பெண்மணி. மெல்லிய சால்வை, காலில் ரப்பர் செருப்பு. அந்தக் குளிரில் எல்லோரும் மூக்குவரை போர்த்தியிருக்க, அவர் மட்டும் மாலைக்காற்று வாங்க வந்தவர்போல நிதானமாக வந்துகொண்டிருந்தார். ஏதோ மாணவியின் தாயார் என்று நினைத்துக்கொண்டான்.

பத்து நாற்பதுக்குக் கோபுரத்தின் உச்சி. பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார்கள். அவரவர் மூச்சில் கண்ணாடி வெள்ளையாகப் படர்ந்தது. விரலால் பெயர் எழுதிச் சிரித்தார்கள். அந்தப் பெண்மணியும் கண்ணாடியை ஒட்டித்தான் நின்றார்.

அவர் முன்னால் மட்டும் கண்ணாடி பளிங்குபோல் இருந்தது.

"இதான் அவன் காட்டுன செவப்பு விளக்கா தம்பி?"

மேப்பு சட்டென்று திரும்பினான். கைக்குள் அடங்குகிற திரையில் மட்டுமே பார்த்த முகம்.

அரைடிக்கெட்டின் அம்மா.

அவனுக்கு அப்போது வந்தது பேய்ப்பயமே இல்லை. மாட்டிக்கொண்டோம் என்ற பயம். ஃபோனை எடுக்காததால் நேரிலேயே கேட்க வந்துவிட்டார் என்றுதான் நினைத்தான்.

"அம்மா... எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

"யாரோட?"

"தனியாதான். நீ அவங்களுக்குக் காட்டு. நான் பின்னாலயே வரேன்."

லிஃப்டில் இறங்கும்போது அவர் பக்கத்தில் நின்றார். சலவைச் சோடா வாசனை அடித்தது. கொதிக்கக் கொதிக்கத் துவைத்த துணியின் வாசனை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வந்த காற்று, திறந்த குளிர்பெட்டியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

பன்னிரண்டு ஐந்து. நடன விடுதி வாசல். உள்ளே இசை திம் திம் என்று நடைபாதை வரை அதிர்ந்தது. வாசல் காவலாள் ஒவ்வொருவர் கையிலும் முத்திரை குத்தி உள்ளே விட்டான். பதினோரு கை. பிறகு அந்த அம்மா நின்ற இடத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது. சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பன்னிரண்டு மணிக்கு வாசலை விட்டு நகர்கிற ஆளே இல்லை அவன்.

தெருவில் இருவர் மட்டும்.

"அன்னிக்கு அவன இங்கதான விட்டுட்டுப் போன?"

இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. தன்னைப் பெற்ற தாயிடம்கூட.

மறுக்க வாய் எடுத்தவன் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். பதினோரு மாதம் அடைத்திருந்தது உடைந்தது. பஸ் என்று சொன்னது பொய் என்றான். கையை உதறியதைச் சொன்னான். சொன்ன அந்த இரண்டு சொல்லையும் சொன்னான்.

"எதுக்கு ஆத்துப்பக்கம் போனான்?"

"படம் எடுக்க..."

"யாருக்கு?"

பொய் சொன்னதில் பாதி தனக்காக, பாதி இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காக.

"எனக்காகவா போனான்?"

தலையை ஆட்டினான். அவர் அழவில்லை. சால்வை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ரொம்ப நேரம். கதவுக்கு அப்பால் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்து தொடங்கிக்கொண்டிருந்தன.

பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"பசியோடயா போனான்?"

"இல்லம்மா." அழுகையினூடே சொன்னான். "பதினோரு மணிக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினோம். ஒரே பொட்டலம். என் பங்கையும் சேத்து அவனே சாப்ட்டான். அதுக்கும் நான் திட்டினேன்."

அந்த அம்மா சிரித்தார். நிஜமான சிரிப்பு. மகன் திருட்டுத்தனம் பண்ணிப் பிடிபட்டால் அம்மாக்கள் சிரிப்பார்களே, அது.

"எழுந்திரு தம்பி. வழி காட்டு."

ஆற்றுக்கு நடக்க இருபத்தைந்து நிமிடம். அவர் சரக்... சரக்... என்று ரப்பர் செருப்பைத் தேய்த்து வந்தார். வழியில் எல்லாவற்றையும் பார்த்தார். மூடிய பூக்கடை, காலி மேசைகள், விளக்கு எரிந்துகொண்டே நின்ற ஒரு தையல்கடை. "ராத்திரி அழகாத்தான் இருக்கு" என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர் குரலில்.

ஒன்று முப்பத்தெட்டு. ஆற்றங்கரைச் சாலை.

சாலையோரம் முழுக்க ராத்திரி விழுந்த பனி. யாரும் மிதிக்காதது. அவன் திரும்பிப் பார்த்தான்.

ஒரே ஒரு ஜோடித் தடம்.

அவனுடையது.

சரக்... சரக்... சத்தம் மட்டும் பக்கத்திலேயே வந்தது.

ஓட நினைத்தான். ஓடினால் இன்னொரு தடவை விட்டுவிட்டு ஓடியதாக ஆகிவிடுமே என்று தோன்றியதாம். அதனால் நடந்தான்.

படித்துறை. அந்தச் சாவுக்குப் பிறகு நகராட்சி அங்கே இரும்புக்கதவு போட்டுச் சங்கிலியால் பூட்டியிருந்தது.

கதவு திறந்திருந்தது.

"அம்மா, வேணாம். கீழ வழுக்கும்."

"நீ இங்கயே நில்லு. உன்ன யாரும் கூப்பிடல."

இறங்கினார்.

சரக்...

சரக்...

சால்வை இருட்டில் கரைந்தது.

சத்தம் நின்றது.

தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல். சலித்துக்கொண்டு. சின்னப்பிள்ளைபோல.

"ஏம்மா இவ்ளோ லேட்டு..."

அரைடிக்கெட்.

மேப்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு "டேய்" என்றான்.

நடக்கிற சத்தம் மட்டும். இப்போது இரண்டு பேருடையது.

படியேறி வரவில்லை.

தண்ணீரின் பக்கமாகப் போனது...

போய்க்கொண்டே...

கேட்காமல் போனது.

ஃபோனைப் பார்த்தான். ஒன்று நாற்பத்தேழு.

அறைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் படித்துறைக்குப் போய்ப் பார்த்தான். கதவில் சங்கிலி, பூட்டு. பூட்டின் மேல் விரலளவு பனி அப்படியே கலையாமல் இருந்தது.

அங்கேயே நின்று அரைடிக்கெட்டின் வீட்டுக்கு ஃபோன் போட்டான். எட்டு மாதத்தில் முதல் தடவை. எடுத்தது அக்கா. அரைடிக்கெட்டுக்கு ஒரே அக்கா.

"அக்கா, நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன்..."

"அம்மா போயிட்டாங்க தம்பி."

ஒன்பது நாளாக நினைவில்லாமல் கிடந்திருக்கிறார், தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில். கண்ணும் திறக்கவில்லை, பேச்சும் இல்லை.

"எப்பக்கா?"

"காலைல ஆறு பதினேழு. நர்ஸ் மணி பாத்து எழுதினாங்க."

அங்கே ஆறு பதினேழு என்றால் இங்கே ஒன்று நாற்பத்தேழு.

"போறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி கண்ணத் தொறந்தாங்க. 'சின்னவன் சாப்ட்டுட்டுதான் போயிருக்கான்'னாங்க. தெளிவா. எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு எங்களுக்குப் புரியல."

மேப்பு எல்லாவற்றையும் சொன்னான். கையை உதறியது, படம், வறுவல், ராத்திரி நடந்தது. ஒன்றையும் விடவில்லை. திட்டுவார், வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தான். ஆனால் அக்கா ஒன்றே ஒன்று சொன்னார். இதைச் சொல்லும்போதுதான் என் முன்னால் உட்கார்ந்திருந்த மேப்பு முகத்தை மூடிக்கொண்டான்.

"அம்மாவோட வலது கை மூடியே இருந்துச்சு தம்பி. யாரோட கையையோ கெட்டியா புடிச்சிருக்கிற மாதிரி. நீவி நீவிப் பாத்தோம், விரல் பிரியல. உள்ள சில்லுனு ஈரம். துடைச்சா திரும்பத் திரும்ப ஈரமாகுது. இப்பதான் எடுத்துட்டுப் போனாங்க... அதுவரைக்கும் அது காயவே இல்ல."