நல்லதே நடக்கும் என்று சொன்னவள்

பேறுகாலத் தாதிப் பயிற்சியில் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்ந்தது. தமிழ் பேசும் தாய்மார்கள் யார் வந்தாலும், "டமில் பேஷண்ட் லா, கம் கம்" என்று மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். சுவா சூ காங் பள்ளியில் தமிழில் தட்டுத்தடுமாறித் தேறியவள், வார்டில் பெரிய புலவர்!

அன்று காலை வந்தவருக்கு நிறைமாதம். முந்தைய நாளிலிருந்து குழந்தை அசையவில்லை என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வேலையாக ஊருக்குப் போயிருந்த கணவர் அடுத்த விமானத்தில் கிளம்பியிருந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். குழந்தையின் இதயம் நின்றுவிட்டது, சொல்லிவிடு என்றார்.

"குழந்தையோட ஹார்ட்பீட் இல்லக்கா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப இல்ல, சரி. பொறந்து அழுதா வந்துடும்ல?"

வராது. அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. "சாமிய நல்லா கும்பிட்டுக்குங்கக்கா, நல்லதே நடக்கும்," என்று சொல்லிவிட்டேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் வீட்டில் சொல்வோமே, அந்தப் பேச்சு. அவருக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். "யெஸ் டாக்டர்," என்றேன்.

மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். சாயங்காலம்வரை அவர் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலியில் கூப்பிடுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் அவர் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். திருத்திச் சொல்ல ஒரு முழுப் பகல் இருந்தது, சொல்லவில்லை. பெண் குழந்தை பிறந்தது. அவர் மட்டும் அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

மறுநாள் மேற்பார்வைத் தாதி எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். நீ இருந்ததால்தான் அவருக்கு ஆறுதல் என்றார். யாரிடமாவது பேச வேண்டுமா என்றும் கேட்டார். "ஓகே லா சிஸ்டர்," என்று சிரித்தேன்.

அதன்பின் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் சாலையில் போவதும் வருவதுமாக நடப்பேன். எதிரே வரும் பெண்களின் முகங்களைப் பார்ப்பேன். அவராக இருந்தால் ஒருமுறையாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவர் இல்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்றிருக்கும். என்ன ஜென்மமோ! அம்மா போனில் கேட்பார், "எங்கம்மா இருக்க, சாப்டியா?" வார்டில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு, தேக்கா சந்தையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் தமிழ்ச் சத்தம். அதில் ஒருவரிடமும் இதைச் சொல்ல முடியாது.

ஆறு வாரம் கழித்து அவர் பரிசோதனைக்கு வந்தார், தனியாக. வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டார்கள். நடைபாதை நெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனேன்: அக்கா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிருங்க.

கதவைத் திறந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"நீங்க வேணாம்மா," என்றார். "டாக்டர் இங்கிலீஷ்லயே சொல்லட்டும். அவங்க சொல்றது சொன்னபடி எனக்குத் தெரியணும்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லாகத் தேடித் தேடி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கி அவர் டாக்டரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைக்காத சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன.