வைரஸ் கொண்டுவந்த பெண்

இருங்காட்டுக்கோட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி, கார் சீட்டுகளுக்கான இரும்புச் சட்டங்களைச் செய்துகொண்டிருந்தது. எனக்குச் சரக்கை ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்ச் அலுவலகத்தில் வேலை. லாரியில் ஏறும் ஒவ்வொரு பெட்டியிலும் பாகத்தின் பெயர், எண், பார்கோடு அச்சிட்ட லேபிள் ஒட்டியாக வேண்டும். லேபிள் சரியில்லை என்றால் கார் கம்பெனியின் கேட்டிலேயே லாரியைத் திருப்பிவிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் அந்த விவரங்களை ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். ஒரு எழுத்து மாறினால் போதும், அன்றைக்குத் திட்டு நிச்சயம்.

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தவள். பாகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் லேபிள் தானாகவே அச்சாகி வரும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதலாமே என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன்.

அது ஓடியதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவர் எங்கள் சிஸ்டம்ஸ் ஆள். கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அவர் ஒருவர்தான். படப்பைக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். ஹாஸ்டல் சாப்பாட்டில் நான் இளைத்துப்போவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லுவார். அவருடைய மனைவி மீன் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து எனக்குப் போடுவார். சாப்பிட்டுவிட்டு அங்கேயே பாயை விரித்துத் தூங்கியிருக்கிறேன். ஊரை விட்டு வந்த பிறகு நான் பயமில்லாமல் தூங்கிய இடம் அது ஒன்றுதான்.

புரோகிராமை டிஸ்பாட்ச் ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது ஷெட்டுக்கு நெட்வொர்க் இழுக்கவில்லை. எதுவானாலும் ஃபிளாப்பியில்தான் போக வேண்டும். என் கோப்பு ஃபிளாப்பியில் அடங்கவில்லை. அண்ணன் தன்னிடம் கோப்பைச் சுருக்கும் டூல் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த டூலை என் கம்ப்யூட்டரில் போட்டார், கோப்பைச் சுருக்கினார், ஷெட்டுக்கும் எடுத்துப்போய் ஏற்றிக்கொடுத்தார். சுருங்கினாலும் வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை. டிஸ்பாட்ச் மேனேஜர் மீட்டிங்கில் பாராட்டியபோது, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்று அண்ணன் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு ஷெட்டுக்கும் நெட்வொர்க் வந்தது. கூடவே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அண்ணன் புதிய ஆன்டிவைரஸை ஏற்றினார். அடுத்த நாள் காலை ஷிப்டில் ஷெட்டின் எல்லாத் திரைகளிலும் சிவப்புப் பெட்டி எழும்பியது. என் புரோகிராமின் பெயரைப் போட்டு, அது வைரஸ் என்றும் அழித்தாகிவிட்டது என்றும் சொன்னது. லேபிள் வரவில்லை. லாரிகள் வரிசையில் நின்றன. நாங்கள் மார்க்கர் பேனாவால் அட்டையில் எழுதி ஒட்டி அனுப்பினோம். முதல் லாரி கேட்டிலிருந்து திரும்பி வந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"அது வைரஸே கெடயாதும்மா. சுருக்கின ஃபைலப் பாத்தா அதுக்கு சந்தேகம் வந்துடும். உள்ள இன்னா கீதுன்னு அதுக்குத் தெரியல, அவ்ளோதான். நான் மேனேஜராண்ட சொல்லிக்கிறேன், நீ டென்ஷன் ஆவாத."

அந்த வார்த்தையை நம்பித்தான் மேனேஜர் கூப்பிட்டபோது தைரியமாகப் போனேன். அண்ணன் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். கம்பெனிக்குள் வைரஸ் எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு ஐடியா இல்ல சார். அவங்களா எழுதுனாங்க. எந்த ஃபிளாப்பில இன்னா எட்துகினு வந்தாங்கன்னு நமக்கு எப்டித் தெரியும்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்தேன்.

புரிந்ததும், அது வைரஸ் இல்லை, காட்டுகிறேன் சார் என்று மேனேஜரை என் கம்ப்யூட்டருக்கு அழைத்துவந்தேன். சுருக்காத என் அசல் கோப்பைத் திறந்தேன். ஆன்டிவைரஸ் வாய் திறக்கவில்லை. திரையில் வெறும் காலி ஜன்னல் மட்டும் வருகிற ஒரு புரோகிராமை அவர் கண் முன்னாலேயே எழுதி ஓட்டிக் காட்டினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதையே அந்த டூலால் சுருக்கினேன். உடனே சிவப்புப் பெட்டி வந்துவிட்டது. உள்ளே எதுவுமே இல்லாத கோப்பையும் வைரஸ் என்றது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நான் காட்டியது அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு.

"அப்போ பிரச்சினைக்குக் காரணம் இந்த டூல். அது உங்க சிஸ்டம்லதானே இருக்கு?"

"அண்ணன்தான் சார் போட்டுத் தந்தாங்க."

"நானா?" என்றார் அண்ணன். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. "இந்த மாதிரி டூலெல்லாம் நம்ம கம்பெனில யூஸ் பண்றதே இல்ல சார்."

என் புரோகிராம் சுத்தமானது என்று நிரூபிக்க நான் காட்டியதே என்னை மாட்டிவிட்டது. அனுமதி இல்லாத மென்பொருளைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததாக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். லேபிளுக்குக் கடையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜ் வாங்கினார்கள். கேன்டீனில் உற்பத்தி லைன் பையன்கள் என்னை வைரஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். ஆனாலும் தட்டோடு தனியாகப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் ஆன்டிவைரஸின் புதுப் பதிப்பு வந்தது. ஃபிளாப்பியில் மிச்சமிருந்த அந்தச் சுருக்கிய பிரதியை அது பேசாமல் விட்டுவிட்டது. தவறைத் திருத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். நல்லது, ஆனால் புதுப் பேக்கேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது, இனி அதைக் கிளற வேண்டாம் என்று பொறுமையாகவே சொல்லி அனுப்பினார். மெஷின்கூடத் தன் பேச்சை மாற்றிக்கொண்டது. அண்ணன் மாற்றிக்கொள்ளவில்லை. எதிரே வந்தால் கையில் இருக்கும் வயரைப் பார்த்தபடி நடப்பார்.

நான் படப்பைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி கேக்கும் முறுக்கும் எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் என் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி, வூட்டுப் பக்கமே வர மாட்ற? அந்த வைரஸ் மேட்டர்ல சங்கடமா கீதா? அவரு இல்லன்னா அன்னிக்கே உன்ன வேலய வுட்டுத் தூக்கியிருப்பாங்களாமே. மேனேஜராண்ட அவ்ளோ கெஞ்சினேன்னு சொன்னாரு."

அந்த அக்காவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நான் முடித்ததும் அக்கா, "அவரு அப்டிப் பண்ற ஆளு இல்லியே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. கேக் டப்பாவைத் திறக்காமலேயே கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போயிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

மறுநாள் அண்ணன் ஸ்டோர்ஸுக்கே வந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவராக வந்து பேசியது அன்றுதான். போல்ட் டப்பாக்கள் அடுக்கிய ராக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு, குரலை அடக்கிக் கேட்டார்.

"என் வூட்டுக்காரியாண்ட இன்னாத்துக்குச் சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலியே."

"நேத்துலருந்து அவ எங்கூடப் பேச மாட்றா. எனக்கும் ரெண்டு கொழந்தைங்க கீது. அன்னிக்கு உண்மயச் சொல்லியிருந்தா, ஆன்டிவைரஸ் ஏத்தும்போதே டெஸ்ட் பண்ணலியான்னு என்னத்தான் மொதல்ல கேட்டிருப்பாங்க. வேல போயிருக்கும். உனக்கு இன்னா, சின்னப் பொண்ணு, வேற எங்கியாச்சும் கெடைக்கும்."

அவர் பயந்துதான் மேனேஜரிடம் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. அடுத்த வார்த்தையாவது என்னைப் பற்றி இருக்கும் என்று காத்திருந்தேன். அவருக்குப் போன் வந்தது, போய்விட்டார்.

அடுத்த வருஷமே ஒரகடத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் ஓர் அம்மா என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, புரோகிராம் எழுத வருமா, அவர்களுக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது என்று கேட்டார். அதற்குச் சம்பளமும் கூடுதல் என்றார்.

எக்ஸெல் மட்டும் தெரியும் மேடம் என்றேன்.