கடைசிப் பாட்டுக்காக நிற்கும் மைக்குகள்

என் வீட்டில் பாட்டுப் பதிவுசெய்துவந்த ஜெயத்தின் மைக்குகளை நான் அபகரித்துக்கொண்டேன் என்று, அவருடைய அடக்கத்துக்கு வந்த சிலர் சேமக்காலையிலேயே கதைத்தார்கள். அது பிழை. அவை நிற்கும் அறையைப் பூட்டினேன், எதையும் எனக்கென்று எடுக்கவில்லை. காரணத்தை அவருடைய தங்கைக்குச் சொன்னேன். அந்த அறையில் வாத்தியம் வாசித்த உங்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன்.

அவர் இறந்த செய்தி வந்த காலையில், அன்றைய பதிவுக்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்தபடி இருந்தேன். நல்லூரில் என் வீட்டின் பின்னறையை ஜெயம் ஒலிப்பதிவுக் கூடமாக்கிய நாளிலிருந்து, பதிவு தொடங்குமுன் விசிறியை நிறுத்துவது என் பொறுப்பு. டிரம்ஸ் வாசிக்கும் டெனிசன் தொலைபேசியில், "அன்ரி, ஜெயம் அண்ணை மோசம் போயிட்டார். நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை, காப்பாத்த ஏலாமல் போச்சு" என்றார். நெடுநேரம் விசிறியைப் போடத் தோன்றவில்லை.

என் கணவர் காலமானபின் எல்லோரும் என்னிடம் மருந்து குடித்தேனா என்று மட்டுமே கேட்கிறார்கள். ஜெயம் கதவைத் திறந்து, "அன்ரி, வந்து கேட்டுச் சொல்லுங்கோ" என்பார். நான் கொன்வென்ரில் பியானோ படித்தவள். இன்றும் என் காதில் குறையில்லை. ஒருநாள், "நடுவிலுள்ள சின்ன டிரம் வெறும் தகரப் பேணி மாதிரிக் கேக்குது" என்றேன். டெனிசனின் முகம் சுருங்கியது. ஜெயம் சிரித்தார். "அவனிலை பிழையில்லை அன்ரி. உங்கடை தையல் பெட்டியிலை நூல் இருக்கோ?"

அந்த டிரம்மின் நடுவிலிருந்து, மேலே தாங்கிகளில் நிற்கும் இரண்டு மைக்குகளுக்கும் நூல் பிடித்து அளந்தார். ஒன்று சற்றுத் தள்ளி நின்றது. "சத்தம் ரெண்டுக்கும் ஒரே நேரம் போய்ச் சேரவேணும். முந்திப் பிந்திப் போனால் ஒண்டையொண்டு தின்னும்" என்றபடி அதை நகர்த்தினார். மறுபடி வாசித்தபோது டிரம்முக்கு உடம்பு வந்திருந்தது.

என்னையும் விட்டுவைக்கமாட்டார். குசினியில் குக்கர் கூவிய அன்று, "அன்ரி, நீங்களும் இந்தப் பாட்டிலை வாசிக்கிறீங்கள். பேர் போடட்டோ?" என்று கேட்டார்.

அவருடைய பாடல்களில் ஒன்றுக்கு மட்டும் டிரம்ஸ் பதிவாகவில்லை. மைக்குகளின் இடம் மாறினால் அதன் ஒலி மற்றப் பாடல்களோடு ஒட்டாது. என்னிடம் துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் அந்த அறைக்குள் கதிரை எடுக்கப் போய், மேல் மைக்கொன்றின் தாங்கியைத் தள்ளிவைத்துவிட்டார். எல்லோரும் போனபின், தரையில் ஜெயம் ஒட்டியிருந்த ஒட்டுநாடா அடையாளத்தில் அதைத் திரும்ப நிறுத்தினேன். கதிரையில் ஏறி, தனியாக நூல் பிடித்து அளந்தேன். அதன்பிறகுதான் பூட்டினேன்.

கேட்டுச் சொல்லத் தகுந்தவள் என்று என்னை அவர் மதித்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மதிப்பு ஒன்றைத்தான்.

டெனிசன், இனி உமக்குத்தான் எழுதுகிறேன். "அண்ணை இல்லாமல் என்னெண்டு வாசிக்கிறது?" என்று கேட்டீர். எனக்கும் தெரியாது. பதிவு செய்துதர அவருடைய நண்பர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். நீர் மாட்டேன் என்றால் மைக்குகளைக் கழற்றி அவருடைய தங்கையிடம் கொடுத்துவிடுவேன். பாட்டு அப்படியே நின்றுவிடும். தொலைபேசியில் "ஓம் அன்ரி, வாறன்" என்று பலமுறை சொல்லியும் நீர் வரவில்லை. வருவீரா, மாட்டீரா என்பதை எனக்கு எழுத்தில் அனுப்பும்.