சம்பந்தியை ஜெயிக்கலாமா?

இந்த நாட்டில் பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டுக்கு முதன்முதலாகப் போனால் என்ன நடக்கும் என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்லிவிடுங்கள்: சொம்பில் தண்ணீர் வராது, கையில் ஜாய்ஸ்டிக் வரும். போன ஞாயிற்றுக்கிழமை பாரீஸ் புறநகரில் எனக்கு வந்தது. தந்தவர் ஜெரார். என் மகள் நித்யா கட்டிக்கொள்ளப் போகும் தொமாவின் அப்பா, ஓய்வுபெற்ற தபால்காரர், பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்த்து அலமாரியில் அடுக்குகிறவர். “உங்களுக்குப் பிடிக்குமாமே, நித்யா சொன்னாள்” என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே அவர் கேசட்டைச் செருகினார். கார்ட்டூன் மிருகங்கள் கார் ஓட்டும் அதே பந்தயம். கரடி, முயல், வழியில் போகிறவர்கள்மேல் கேக்கை வீசும் நீர்யானை. முப்பது வருடத்துக்கு முன் என் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த விளையாட்டு.

அன்று எங்கள் ஊர் ஏம்பலத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். பாகூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொழுது போக வேண்டுமே என்று, வில்லியனூர் கடையிலிருந்து டிவியோடு வீடியோ கேமை நாள் வாடகைக்கு எடுத்து வந்த புத்திசாலி நான். அந்தக் கடையில் எனக்குப் பட்டப்பெயரே ‘முயல்’தான். மாப்பிள்ளையின் கரடியை நாலு முறை மண்ணைக் கவ்வ வைத்தேன். ஐந்தாவது ஆட்டம் தொடங்குமுன் அவருடைய தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “இன்னாய்யா இது, பொண்ணு வூட்டுக்காரன் கை இப்பவே மேல போவுது? நாளைக்கு இவுங்க பொண்ணு எங்க பேச்சக் கேக்குமா?” போட்ட இலை அப்படியே கிடக்க, எல்லோரும் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டார்கள். அப்பா பின்னாலேயே ஓடி, ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கூட்டிவந்தார். வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “பொண்ணக் குடுக்கறவன் தோக்கணும்டா. அதான்டா நம்ம வேல.”

ஆகவே ஜெரார் வீட்டில் நான் என் வேலையைச் செய்தேன். முதல் பந்தயத்தில் முயலைக் குளத்தில் விட்டேன். அவர் சிரித்தார். இரண்டாவதில் வைக்கோல் போருக்குள் போனேன். மூன்றாவதில் எதிர்த்திசையில் ஓட்டினேன். தோற்பதில் எனக்கு இவ்வளவு திறமை இருப்பது அன்றுதான் தெரிந்தது. சிரிப்பு நின்றது. ஜெரார் ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். உள்ளே தாழ்ந்த குரல்கள். பயம் வந்தால் என் பிரெஞ்சிலிருந்து முதலில் ஓடிப்போவது வினைச்சொற்கள். ‘மரியாதை’, ‘மகள்’, ‘முயல்’ என்று மிச்சமிருக்கும் மூன்று பெயர்ச்சொற்களை வைத்துக்கொண்டு யாருக்கு எதை விளக்குவது?

அங்கிருந்து நித்யா வேகமாக வந்தாள். “இன்னாப்பா பண்ற? வேணும்னே குளத்துல உடுறன்னு பாத்துட்டாரு. இந்தக் கல்யாணம் உனக்குப் புடிக்கலன்னு தொமாகிட்ட சொல்றாரு.”

“மரியாதைக்குத்தான் தோத்தேன்னு எடுத்துச் சொல்லுமா.”

“சொன்னேன். அப்ப நான் ஜெயிச்சதெல்லாம் பொய்யான்னு கேக்கறாரு. முகம் சின்னதா பூடுச்சுப்பா.”

சோபாவிலிருந்து என் மனைவி சரசு கிசுகிசுத்தாள். “அதுக்காக ஜெயிச்சிடாதய்யா. நாம பொண்ணக் குடுக்கறவங்க.”

“நான் இன்னாம்மா, தட்டுல வெச்சுக் குடுக்கற வாழப்பழமா?” என்றாள் மகள். என்னிடம் திரும்பினாள். “நீ ஒழுங்கா ஆடு. இல்லன்னா இன்னியோட இந்த வூட்டுல எனக்கு சங்கடம்தான்.”

அவளே போய் ஜெராரைக் கூட்டிவந்தாள். ஒரே ஒரு ஆட்டம் என்று விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே அவருக்கு, கீழே எனக்கு. இந்த முறை உண்மையாகவே ஓட்டினேன். கட்டைவிரல்களுக்கு வயதாகவில்லை. கடைசிச் சுற்றில் முயல் முன்னால். ஜெரார் நாற்காலி நுனிக்கு வந்து “அலே, அலே!” என்று கத்தினார். ‘போ, போ’ என்று விரட்டியது என்னையா, தன்னையா, தெரியவில்லை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. நித்யா கைதட்டினாள். சரசு கண்ணை மூடிக்கொண்டாள். எல்லைக்கோட்டுக்கு நாலடி இருக்கும்போது என் விரல், என்னைக் கேட்காமலே பிரேக்கை அழுத்திவிட்டது. கார் ஒரு சுற்று சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை ஐயா. சத்தியமாக இல்லை. இதை எந்த மொழியில் சொல்வது?

பின்னால் வந்த ஜெரார் என்னைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. என் வெளிறிய முகத்தை ஒரு கணம் பார்த்தார். தன் கரடியையும் என் எதிரே நிறுத்தினார். பிறகு, கதவைத் திறந்து பிடிப்பவர்போல் கையை நீட்டி, “அப்ரே வு” என்றார். நீங்கள் முதலில்.

“நோன், வு” என்றேன். நீங்கதான் முதலில்.

இப்படி நாங்கள் உபசரித்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த நீர்யானை இருவர்மேலும் கேக்கை வீசிவிட்டுக் கோட்டைத் தாண்டியது. ஜெரார் என் முதுகில் ஓங்கி அறைந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “நாம ஜெயிக்கல, இல்ல?” என்று சரசு கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

எல்லோரும் சாப்பிட எழுந்த பிறகும் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிவதை மட்டுமே அந்த விளையாட்டு காட்டும். என்னுடைய கீழ்ப்பாதியில் அவருடைய கரடி நின்றது. நான் அங்கே எங்கும் இல்லை. முகமெல்லாம் கேக்கோடு என் முயல் நின்றுகொண்டிருந்தது அவருடைய பாதியில்.