வாளி வாங்காதவர்

திங்கட்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்ததும் முதலில் கேட்பது அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம்தான். இரவெல்லாம் பேருந்தில் கசங்கிய சட்டை, தோளில் துண்டு, காலடியில் பயணப் பை. கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, கடைவாய்ப் பல்லுக்கும் நியாயம் கிடைக்கட்டும் என்பதுபோல நிதானமாகத் துலக்குவார். பின்னால் இரண்டு மூன்று பேர் கையில் பிரஷ்ஷோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாரும் அதே பேருந்தில் வந்தவர்கள்தான். ஆனாலும் பேச்சு இருக்காது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோப்பும் கையுமாக எதிரெதிரே நின்று வணக்கம் சொல்லிக்கொள்ளப் போகிறவர்கள். ஒருவர் துப்புவதை இன்னொருவர் பார்த்துவிட்டால் அப்புறம் பதவிக்கு என்ன மரியாதை?

விதைகளைச் சோதித்துத் தரச்சான்று கொடுக்கும் துறை அது. அவர் அதில் கண்காணிப்பாளர். துறை பல காலம் தலைநகரத்தில், ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தது. விதையைப் பார்க்கிறவன் வயலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று மேலே யாருக்கோ தோன்றியது. மூன்று வருடத்துக்கு முன்னால் துறையை வேரோடு பெயர்த்து, ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள இந்தச் சின்ன நகரத்தில் இறக்கிவிட்டார்கள். மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் லாரியில் வந்தன. கண்காணிப்பாளர் பேருந்தில் வந்தார்.

யோசனையில் குற்றம் சொல்வதற்கில்லை. முன்பெல்லாம் ஒரு விவசாயி ஒரு கையெழுத்துக்காக ராத்திரி முழுக்கப் பயணம் செய்து தலைநகரம் போய், மத்தியானம்வரை காத்திருந்து, "நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுத் திரும்புவார். இப்போது சைக்கிளில், துணிப்பையில் விதையோடு வந்து, வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுகிறார். பயணம் நின்றுபோகவில்லை. அவர் இறங்கிய பேருந்தில் இவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

இடம் மாறினாலும் வாய் மாறவில்லை. பழைய கட்டடத்தில் சான்றுப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. புதிய கட்டடத்துக்கு மாடியே கிடையாது. ஆனாலும் கண்காணிப்பாளரும் அவரோடு வந்தவர்களும் அந்தப் பிரிவை "மூணாவது மாடி" என்றுதான் சொல்கிறார்கள். ஒருமுறை பெரியவர் ஒருவர் மூணாவது மாடிக்குப் போகச் சொன்னதைக் கேட்டு, கட்டடத்தை முழுசாகச் சுற்றிவந்து, வெளியே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, ஏணி ஏதாவது தருவீங்களா?" என்று கேட்டார். உள்ளூரில் வேலைக்குச் சேர்ந்த எழுத்தர் பெண் தலைநகரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவளும் இப்போது ஆட்களை மூணாவது மாடிக்கு அனுப்புகிறாள். ஊரோடு ஒத்துவாழ் என்பது இதுதான் போலும்.

கண்காணிப்பாளர் ஒத்துவாழவில்லை. பயணப் பையில் அடங்காத எதையும் இந்த ஊரில் வாங்குவதில்லை என்பது அவருடைய சட்டம். ஒரு வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு மக். சுவரில் ஆணி கிடையாது. சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டுகிறார். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். ஊரே அப்போது எழுந்து பிடித்து வைத்துக்கொள்ளும். இவர் மட்டும் வெறுங்கையோடு கீழே இறங்கி, வீட்டுக்கார அம்மாளின் சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்.

"அக்கா... வாளி."

"தினமும் பொண்ணு கேக்க வர்ற மாதிரி வந்து நிக்கிறீங்களே, ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

"வாங்கிட்டா நான் இந்த ஊருன்னு ஆயிடும் அக்கா. நான் எந்த நேரமும் கிளம்புற ஆளு."

"கிளம்புறவரு குளிச்சிட்டுக் கிளம்பக் கூடாதா?" என்று கேட்டபடியே அந்த அம்மாள் தன் வாளியிலிருந்த தண்ணீரை அண்டாவில் கவிழ்த்துவிட்டு நீட்டுவாள். மனசுக்குள் திட்டுவதாக நினைத்து வெளியே கேட்கும்படி திட்டுவது அவள் வழக்கம். குளித்ததும் இவர் வாளியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்.

ஆசை இல்லாமல் இல்லை. சாயங்கால நடையில் கடைத்தெருவின் பிளாஸ்டிக் சாமான் கடையில் நிற்காமல் அவரால் தாண்ட முடியாது. வாளியைத் தூக்கி அடியைத் தட்டுவார். கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

"ஒருத்தருக்கா சார், வீட்டுக்கா? ஒருத்தருக்குன்னா இது போதும். வீட்டுக்குன்னா பெருசா எடுங்க" என்பார் கடைக்காரர்.

"பாத்துட்டு சொல்றேன்."

"சும்மா கொண்டுபோங்க சார். மாற்றல் வந்தா திருப்பிக் குடுத்துடுங்க, எடுத்துக்கிறேன். அந்த விலைச் சீட்ட மட்டும் கிழிச்சிடாதீங்க."

"பாத்துட்டு சொல்றேன்" என்று இவர் மறுபடியும் சொல்லிவிட்டு நடப்பார். கடைத்தெருவில் அவருக்கு வாளி சார் என்று பெயர் விழுந்து ரொம்ப நாளாகிறது. அவருக்கும் தெரியும்.

அவர் காத்திருந்தது ஒரு நாற்காலிக்காக. துறை கிளம்பியபோது தலைநகரத்தில் ஒரு சின்னத் தொடர்பு அலுவலகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அங்கே ஒருவர் ஓய்வுபெறப் போகிறார், அந்த இடம் இவருக்குத்தான் என்று மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மனைவி தலைநகரத்து மருத்துவமனையில் செவிலியர். மகள் பள்ளியின் கடைசி வகுப்பு. பரீட்சை முடிந்தால் மேற்படிப்புக்கு எந்தத் திசைக்குப் போவாளோ. "அவ வீட்ட விட்டுப் போறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிடணும்" என்பதைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக விருந்தாளியாகிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை போய் இறங்கினால், இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் கேட்காத மனைவி, "காபியா, டீயா?" என்று கேட்பாள். புதுத் துண்டு எடுத்துக் கொடுப்பாள். அவருடைய அலமாரித் தட்டில் மகளின் புத்தகங்கள் ஏறியிருந்தன. அம்மாவும் மகளும் பாதி வாக்கியம் பேசியே சிரித்துக்கொள்வார்கள். என்ன ஏது என்று புரியாமல் இவரும் சேர்ந்து சிரிப்பார், சற்றுப் பிந்தி. அது அவருக்கு வலித்தது. யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாததால் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை உத்தரவு வந்தது. தொடர்பு அலுவலகமும் தேவையில்லை, அதையும் மூடிவிட்டு மிச்சமிருப்பவர்கள் இங்கேயே வந்து சேர வேண்டும். நாற்காலி கைக்கு எட்டவில்லை என்பதல்ல, நாற்காலியே இல்லை.

சோதனைக்கூடத்துக்காரர் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார். அவருக்கு வாயைத் திறந்தால் விதைதான். ஈரத்தாளில் விதைகளைப் பரப்பி, கெடுவுக்குள் முளைத்ததை ஒரு பக்கமும் முளைக்காததை ஒரு பக்கமும் பிரிப்பது அவர் வேலை.

"விடுங்க சார். ஈரத்துல போட்டாச்சு. இனிமே முளைச்சுதான் ஆகணும்."

"முளைக்கலன்னா?"

"முளைக்கலன்னா நான் செத்த விதைன்னு எழுதுவேன். நீங்கதான் கையெழுத்து போடணும்" என்றார் அவர். அறையே சிரித்தது. கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பேனாவைத் திறந்து, அன்றைக்கு வந்த முடிவுகளில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் அவர் உத்தரவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. காபி என்றார், குடித்தார். மகள் பாடம் ஒப்பித்தாள், கேட்டார். சாயங்காலம் இருட்டியதும் கூடத்தில் விளக்குப் போட எழுந்தார். கை இடதுபக்கச் சுவரில் போய்த் தடவியது. மேலும் தடவியது. வெறும் சுண்ணாம்பு. அந்த ஊர் வாடகை அறையில் சுவிட்சு இடதுபக்கம். இது அவருடைய சொந்த வீடு, இங்கே வலதுபக்கம்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பக்கம் இல்லங்க" என்றாள் மெதுவாக.

அவர் வலதுபக்கம் போய் விளக்கைப் போட்டார். போட்ட கையை எடுக்காமலே, "இங்க ஆபீஸ மூடுறாங்க. சீட்டு கிடையாது. இனிமே எனக்கு அங்கதான்" என்றார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று அவர் நினைத்தார். அவள் கணக்குப் போடுகிறவள்போல யோசித்தாள்.

"சரி. அங்க என்னென்ன இருக்கு? நாங்க வந்து நாலு நாள் தங்கணும்னா?"

"ஒரு பாய். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒரு மக்."

"பக்கெட்?"

"வீட்டுக்கார அக்காகிட்ட வாங்கிப்பேன்."

"மூணு வருஷமாவா?"

உள்ளறையிலிருந்து மகள் சிரித்துவிட்டாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க அங்க வசதியா செட்டில் ஆயிட்டீங்கன்னுல்ல நான் நெனச்சேன்? ஒரு தடவையாவது வாங்கன்னு கூப்பிட்டீங்களா? அங்க ஒரு வாழ்க்கை பழகிடுச்சு போல, நாம ஏன் நடுவுலன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

"செட்டில் ஆயிடக் கூடாதுன்னுதான் ஒண்ணுமே வாங்கல. உங்களுக்காகத்தான்."

"எங்களுக்காக வாங்காம இருங்கன்னு நான் கேட்டேனா? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நின்னுட்டு, அதுக்கு எங்க பேர சொல்றீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். "இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. அப்போ இவ்வளவு நாளா எங்கதான் இருந்தீங்க?"

யாரும் கேட்காத விரதத்தை யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பசித்தது மட்டும் மூன்று பேருக்கும். மகள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"பரீட்சை முடிஞ்சதும் நான் வரேன்பா. ஆனா அந்த அக்கா பக்கெட்டுலல்லாம் குளிக்க மாட்டேன்."

"எனக்கு லீவு குடுக்குறாங்களான்னு கேக்குறேன்" என்றாள் மனைவி. மறுநாள் காலை காபியா, டீயா என்று கேட்கவில்லை. எதிரில் டீயை வைத்தாள். அவர் குடித்தார்.

திங்கட்கிழமை வழக்கம்போல அலுவலகக் கழிவறையில் பல் துலக்கினார். வழக்கம்போல ஒருவரை மூணாவது மாடிக்கு அனுப்பினார். சாயங்காலம் கடைத்தெருவில் அந்தக் கடைமுன் நின்றார். கடைக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"பாத்துட்டு சொல்றேன், அதான சார்?"

சிறியதைத் தொடவே இல்லை. அடுக்கின் அடியிலிருந்து பெரியதை, நீல நிறத்தில், உருவி எடுத்தார். அடியைத் தட்டவில்லை, கைப்பிடியை ஆட்டவில்லை. மூடி உண்டா என்று கேட்டு அதையும் வாங்கினார். விலை பேசவில்லை. கடைக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் பழகிய ஆள்.

"நல்லா யோசிச்சுக்கோங்க சார். சீட்டு இருக்கிற வரைக்கும்தான் திருப்பி எடுப்பேன். கிழிச்சிட்டா அப்புறம் உங்க பொருள்."

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வாளியை முழங்காலில் நிறுத்தி, விலைச் சீட்டின் ஓரத்தில் நகத்தை நுழைத்து, பிசிறில்லாமல், கடைசி வரைக்கும் உரித்தெடுத்தார்.