எந்தத் தூளையும் தூவும்

பேரீச்சையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் பூவின் தூளை ஆள் ஏறித்தான் பெண் பாளையில் தூவ வேண்டும். பாளை வெடித்த சில நாட்களுக்குள் தூவாவிட்டால் அந்த வருஷம் காய் இல்லை. கல்லூரியில் என் பெஞ்சில் இருந்த கடையநல்லூர்க்காரன், ஓமனில் ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன், போனில் இதைச் சொல்லி முடிக்கக்கூட நான் விடவில்லை. “ட்ரோன்ல தூவிருவோம் மாப்ள!”

சங்கரன்கோவில் வீட்டு மாடியில் மூன்று மாதம். ட்ரோனில் மாட்ட ஒரு சின்ன டப்பா, அடியில் சல்லடை, அதைக் குலுக்க ஒரு மோட்டார். கோலமாவைப் போட்டுச் சோதித்தேன். கொடியில் கிடந்த துணியெல்லாம் வெள்ளை. அம்மா வைத வசவு தெருமுனை வரை கேட்டிருக்கும். நண்பன் அந்த வீடியோவை முதலாளியிடம் காட்டினான். அவர் சந்தோஷத்தில், வழக்கமாக மரமேறும் இரண்டு பேரையும் இந்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதோடு தோட்டத்து விளைச்சல் முழுக்க நண்பன் தலையில் வந்து உட்கார்ந்தது.

தூத்துக்குடி ஏற்றுமதி ஏஜென்ட் அண்ணாச்சி தாள்களைப் புரட்டினார். “சின்ன ட்ரோனுக்கு லைசென்ஸ் வேண்டாங்காங்க. தூவுற கருவி மாட்டிருந்தா வேணுங்காங்க. விஷம் கிஷம் தூவிருவான்னு பயம்.”

“இது பூந்தூள் அண்ணாச்சி.”

“அதுக்கு விலக்குன்னும் போடல, தடைன்னும் போடல. லைசென்ஸ் குடுக்கிற டெல்லி ஆபீசுக்கு எழுதிக் கேளுங்க தம்பி.”

கேட்டேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. கடை திறப்பு நோட்டீஸ் என்றால் நம் பக்கம் நாலு பெருமை கூட்டிப் போடாமல் அச்சுக்கே கொடுக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் கருவியின் விளக்கக் குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டேன்: ‘மகரந்தம் மட்டுமல்ல, எந்தத் தூளையும் சீராகத் தூவும்.’

எந்தெந்தத் தூள் என்று பதில் வந்தது. மகரந்தம் மட்டும்தான், மற்றது விளம்பர ஆசை என்று எழுதினேன். குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள். வாங்குபவரின் உறுதிமொழி கேட்டார்கள், முதலாளி அரபியில் எழுதித் தந்தார், மொழிபெயர்ப்பு கேட்டார்கள். பிறகு சத்தமே இல்லை. உதவி எண்ணில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: லைசென்ஸ் தேவையா என்பதை ஏற்றுமதி செய்பவரே விதியைப் படித்து முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

“தப்பா முடிவு பண்ணிட்டா சார்?”

“அது குற்றம்.”

ஓமனில் பாளைகள் வெடிக்கத் தொடங்கின. நண்பன் கூப்பிட்டான். “ஏலே, கழத்திக் குடு. நம்மூர்லருந்து வாரத்துக்கு நாலு பேர் இங்கன வாரானுவ. எவனாவது ஒருத்தன் மிக்சர், ஊறுகாயோட பெட்டியில வச்சிருவான்.”

எல்லா வீட்டுப் பொருளும் அப்படித்தான் போகிறது. நானும் கழற்றி, துண்டில் சுற்றிக்கூட வைத்துவிட்டேன். “ஏர்போர்ட்ல அந்த ஆள் மாட்டிக்கிட்டா மாப்ள? அவன் விசா?”

“அப்போ உன் ரூலைக் கட்டிப் பிடிச்சுப் படுத்துக்க வே.”

நாலாம் நாள் வீடியோ காலில் வந்தான். இடுப்பில் கயிறு, முழங்கையெல்லாம் முள் கீறல், பின்னால் வெறும் வானம்.

“ஏறத் தெரியுமால உனக்கு?”

“தெரியாது. ஏறுற ரெண்டு பேரும் வேற தோட்டத்துக்குப் போயிட்டானுவ. ஒம்பது மரம் முடிச்சிருக்கேன். இன்னும் நூத்துக்கு மேல கெடக்கு. ஒத்தையா எப்படி முடிப்பேன், நீயே சொல்லு.”

போனைச் சட்டைப்பையில் போட்டான், அணைக்கவில்லை. கயிறு மரத்தில் உரசும் சத்தமும் அவன் மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.